கல்லுக்கு அடியில் ஒரு கலியாணம்: டாரட் சீட்டின் புனித இணைவும் மெர்போக்கின் பாதரசச் சான்றும்

கெடா மாநிலத்தில், ஜெராய் மலை அடிவாரத்தில், மெர்போக் பட்டணத்தை ஒட்டி இருக்கிறது பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். அதன் வளாகத்தில் ஓடைக்கரையில் நிற்கும் கற்றளியின் அடித்தளத்தைப் பார்ப்பதற்குத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். சண்டி புக்கிட் பத்து பகாட் என்பது அதன் பெயர். 'பத்து பகாட்' என்றால் உளி பட்ட கல். படியேறி மண்டபத்தின் தூண்தளங்களைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்தக் கோயிலின் அடியிலிருந்து எடுத்த கருங்கல் பேழைகளின் முன் நிற்பவர்கள் குறைவு. சதுரமாகச் செதுக்கிய கல். நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றிச் சிறு குழிகள். பல்லாங்குழிப் பலகையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது ஏதோ விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். ஆனால் யாரும் திறந்து பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல அது. மூடி, புதைத்து, மேலே கோயில் எழுப்பிவிட்டார்கள்.

இந்தப் பேழையை ஒரு கேள்வியோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். கேள்வி பேழையிலிருந்து எழவில்லை. டாரட் சீட்டிலிருந்து எழுகிறது.

1. கேள்வி

டாரட் சீட்டு இன்று தமிழரிடையேயும் பழகிய பொருளாகிவிட்டது. சீட்டைப் பிரித்துப் பலன் சொல்பவர்கள் 'காதலர்' என்ற ஆறாம் சீட்டு விழும்போது 'இது சிவசக்தி ஐக்கியம்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆண் ஆற்றலும் பெண் ஆற்றலும் ஒன்றில் ஒன்று கலந்து சமநிலை அடைவதே எல்லாச் சமயங்களின் சாரம், டாரட் அதைப் படமாகக் காட்டுகிறது, ஆவுடையாரில் நிற்கும் லிங்கம் அதையே கல்லாகக் காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். சொல்பவர்களின் பக்தியில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இந்தச் சமன்பாடு சரியா? டாரட்டில் இருக்கும் இணைவும் மெர்போக்கின் கற்பேழைக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் இணைவும் ஒரே பொருளைச் சொல்கின்றனவா?

இதைப் பற்றி மூன்று நிலைப்பாடுகள் வழக்கில் உள்ளன. முதலாவது மறைஞான மரபினரின் நிலைப்பாடு. டாரட் ஆதி ஞானத்தின் ஏடு; உலகெங்கும் உள்ள புனிதத் திருமணப் படிமங்கள் அதே ஞானத்தின் கிளைகள் என்பது அது. இரண்டாவது கார்ல் குஸ்தாவ் யுங் வழிவந்த உளவியல் நிலைப்பாடு. எதிர்மைகளின் இணைவு மனித மனத்தின் ஆழத்தில் உறையும் தொல்படிமம். அது எந்த நாட்டிலும் தானே முளைக்கும் என்பது அது. மூன்றாவது வரலாற்று நிலைப்பாடு. ஒவ்வொரு படிமமும் ஒரு காலத்துக்கும் ஊருக்கும் கைத்தொழிலுக்கும் உரியது. ஒப்பிடும் முன் அதனதன் இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது அது. மூன்றையும் மெர்போக்கின் சான்றுகளோடு உரைத்துப் பார்ப்போம்.

2. சீட்டில் இணைவு: ஐந்நூறு ஆண்டு மாற்றங்கள்

டாரட் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் தோன்றிய சீட்டாட்டம். மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட விரிவான நூலுக்குப் பிறகு இதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபெலின் 1781இல்தான் இது எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல். எகிப்திய எழுத்தை எவரும் படிக்க முடியாத காலத்திலேயே டாரட்டுக்கு எகிப்தியப் பிறப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டுவிட்டது. மறைஞான நிலைப்பாட்டின் அடித்தளம் இவ்வளவுதான்.

'காதலர்' சீட்டின் படமும் நிலையாக இருந்ததில்லை. மிலான் ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்துக்காகத் தீட்டிய பழைய கட்டு ஒன்று இப்போது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் ஓர் ஆணும் பெண்ணும் கூடாரத்தின் முன் கைப்பிடித்து நிற்கிறார்கள். மேலே கண் கட்டிய காமன். அரச குடும்பத் திருமணத்தின் நினைவு அது என்று பலர் கருதுகிறார்கள். 1441இல் நடந்த பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்சா – பியாங்கா மரியா விஸ்கோந்தி திருமணமா, அதற்கு முந்தியதா என்பதில் மட்டும் வழக்கு உண்டு. எதுவானாலும் அது இரண்டு குடும்பங்களின் உடன்படிக்கை. பின்னர் மர்செய்ல் வகைக் கட்டில் படம் மாறிவிட்டது. ஓர் ஆண், இருபுறமும் இரு பெண்கள், மேலே அம்பு பூட்டிய காமன். இங்கே இணைவு இல்லை; தேர்வின் தவிப்பு இருக்கிறது.

இன்று உலகம் முழுதும் புழங்குவது ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட்டு, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909இல் லண்டனில் வெளியான கட்டு. அதில் காதலர் ஆதாமும் ஏவாளுமாகிவிட்டனர். ஆணின் பின்னால் சுடர்கள் பூத்த மரம். பெண்ணின் பின்னால் பாம்பு சுற்றிய மரம். மேலே சிறகு விரித்த தேவதூதர். ஆண் பெண்ணைப் பார்க்கிறான். பெண் தேவதூதரைப் பார்க்கிறாள். இருவரும் தொட்டுக்கொள்ளவில்லை. இருவருக்கும் நடுவே தூரத்தில் ஒரு மலை. மெர்போக்கில் நின்று இந்தச் சீட்டைப் பார்ப்பவருக்கு 1,217 மீட்டர் உயரத்தில் எழும் ஜெராய் மலை கண்ணில் படும். 'பார், இங்கும் மலை' என்று சொல்லத் தோன்றும். இப்படிப்பட்ட தற்செயல் ஒற்றுமைகளைச் சான்றாக எடுக்கக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இரசவாதத் திருமணத்தை டாரட்டில் வெளிப்படையாகக் கொண்டுவந்தது அலிஸ்டர் குரோலியின் தோத் கட்டு. ஃப்ரீடா ஹாரிஸ் அம்மையார் 1938 முதல் 1943 வரை அதன் ஓவியங்களைத் தீட்டினார். அங்கே ஆறாம் சீட்டில் அரசனுக்கும் அரசிக்கும் திருமணம். பதினான்காம் சீட்டில் அந்தத் திருமணம் நிறைவேறுகிறது. இரண்டு முகம் கொண்ட ஓர் உருவம் ஒரு கையால் நெருப்பையும் மறு கையால் நீரையும் ஒரே கொப்பரையில் சேர்க்கிறது. சிங்கமும் கழுகும் தம் நிறங்களை மாற்றிக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சீட்டுக்கு 'கலை' என்று பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் மீண்டும் இதற்கு வருவேன்.

ஆக, டாரட்டின் 'புனித இணைவு' ஒரே பொருள் அல்ல. உடன்படிக்கை, தேர்வு, ஏதேன் தோட்டத்துக் கள்ளமின்மை, இரசவாதக் கலப்பு என்று ஒரே சீட்டின் பெயருக்குள்ளேயே நான்கு பொருள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எந்த அடுக்கைச் சிவசக்தியோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் ஒப்பிடுவது அளவில்லாத முழக்கோலால் துணி அளப்பதற்குச் சமம்.

படச்சீட்டை வைத்துப் பலன் சொல்லும் மரபு தமிழருக்குப் புதியதும் அல்ல. கிளி சோதிடர் பரப்பும் கட்டில் தெய்வத் திருமணப் படம் உண்டு. கிளி அதை உருவினால் வீட்டில் கலியாணம் கூடிவரும் என்பது பலன். சீட்டுப் பார்க்க வந்தவர் தெய்வத்தோடு ஐக்கியமாவது பற்றிக் கிளிச்சீட்டு எதுவும் சொல்வதில்லை. பெண்ணுக்கு வரன் அமையுமா என்று கேட்ட தாய்க்கு விடை சொல்கிறது. விஸ்கோந்தி காலத்துச் சீட்டுக்கு, பிற்கால ஞான விளக்கங்களைவிட, இந்த எளிய கிளிச்சீட்டே உறவு நெருக்கமானது.

3. மெர்போக்கின் சான்றுகள்

பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லிடங்களை 19ஆம் நூற்றாண்டில் கர்னல் ஜேம்ஸ் லோ பதிவு செய்தார். 1936–37இல் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டாரதியும் அகழ்ந்து, முப்பது இடங்களுக்கு எண்ணிட்டு, 1940இல் அறிக்கை வெளியிட்டனர். அதில் எட்டாம் எண் புக்கிட் பத்து பகாட். வேல்ஸ் அறிக்கையின் தலைப்பிலேயே 'இந்தியக் குடியேற்றம்' என்ற சொல் இருக்கிறது; இக்கோயில்களை வந்தேறிய இந்தியரின் படைப்பாகப் பார்த்த பார்வை அது. 1950களின் இறுதியில் அலஸ்டேர் லேம் இக்கோயிலை முழுமையாக அகழ்ந்து, அடித்தளத்தை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். 1960இல் அவருடைய அறிக்கை வந்தது. கிழக்கு நோக்கிய விமானமும் முன்மண்டபமும் கொண்ட கோயில். கூரை மரத்தாலும் ஓலை போன்ற அழியும் பொருளாலும் ஆனதாக இருந்திருக்க வேண்டும். காலம் ஏறக்குறைய 10–11ஆம் நூற்றாண்டு என்பது பரவலான கருத்து.

லேம் கண்டெடுத்தவற்றுள் மிக முக்கியமானவை தொடக்கத்தில் சொன்ன பேழைகள். குழிகளில் பொன், வெள்ளித் தகட்டுத் துண்டுகளும் மணிக்கற்களும் இருந்தன. இவ்வழக்கத்துக்கு ஆகம, சிற்ப நூல்களில் கர்ப்பநியாசம் என்று பெயர். கருவை இடுதல் என்று பொருள். கோயிலை ஓர் உடலாகவும், புதைக்கும் பேழையை அதன் கருவாகவும் நூல்கள் கருதுகின்றன. மணிகள், உலோகங்கள், தாதுக்கள், தானியங்கள், பலவகை மண் ஆகியவற்றை அறை அறையாக வைத்துப் புதைப்பார்கள். ஸ்டான்லி ஓ'கானர் 1966இல் தென்கிழக்காசியப் பேழைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 2007இல் அன்னா ஸ்லாச்கா நூல்களின் விதியையும் மண்ணில் கிடைத்த சான்றையும் அருகருகே வைத்துப் பார்த்து, இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்று காட்டினார். இந்தியத் தச்சன் நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு கடாரத்தில், அதாவது கெடாவில், கோயில் கட்டினான் என்ற எளிய சித்திரம் இதனால் கலைகிறது.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை தேவை. பட்டினப்பாலை சொல்லும் காழகம், 1025இல் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் என்ற பெயர்கள் மலேசியத் தமிழர் நெஞ்சில் ஆழப் பதிந்தவை. அந்தப் பெருமிதத்தில் இக்கோயில்களைச் 'சோழர் கட்டியவை' என்று சொல்லிவிடுகிறோம். சான்று அவ்வளவு தூரம் போகவில்லை. மிஷெல் ழாக்-எர்குவால்க், நிக் ஹசான் சுஹைமி போன்றோர் உள்ளூர் ஆட்சியாளரும் உள்ளூர்க் கைவினைஞரும் இந்தியச் சமயங்களைத் தமதாக்கிக்கொண்டு கட்டியவை என்ற கோணத்தையே வலியுறுத்துகிறார்கள். துறைமுகத்தில் தமிழ் வணிகர் இருந்திருப்பர். ஆனால் பேழையில் பொன்தகட்டை வைத்த கை யாருடையது என்று சொல்லும் கல்வெட்டு அக்கோயிலில் இல்லை.

4. ட்ரெலோரின் வாதமும் அதன் எல்லையும்

புனித இணைவு என்ற கேள்விக்கு மெர்போக் நேரடியாகத் தொடர்புபடுவது எஃப். இ. ட்ரெலோர் செய்த வேதியியல் ஆய்வினால்தான். பேழைகளில் கிடைத்த உலோகப் பொருள்களை அவர் பகுப்பாய்வு செய்து 1968இல் மலேசிய அரச ஆசியக் கழக இதழில் எழுதினார். 1972இல் 'ஆர்ட்டிபஸ் ஆசியே' இதழில் தம் முடிவை விரித்தார். சடங்கு உலோகப் பொருள்களில் காணப்படும் பாதரசம் சிவனின் குறியீடு என்பது அவருடைய வாதம்.

இதன் பின்னணி இந்திய இரசவாதம். ஏறத்தாழ 11–12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரசார்ணவம் போன்ற நூல்கள் பாதரசத்தைச் சிவனின் விந்து என்றும், அப்பிரகத்தையும் கந்தகத்தையும் தேவியின் கூறுகள் என்றும் சொல்கின்றன. டேவிட் கார்டன் வைட் 1996இல் எழுதிய நூல் இந்த உறவை விரிவாக ஆராய்கிறது. தமிழ்ச் சித்த மருத்துவத்திலும் இரசம் சிவனுக்குரியது, விந்து; கந்தகம் சக்திக்குரியது, நாதம்.

மருந்து செய்பவரின் கல்வத்தில் இது கண்முன் நடக்கும். வெள்ளி போல் உருண்டோடும் இரசமும், மஞ்சள் கந்தகமும். அரைக்க அரைக்க உருளும் மணிகள் சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போகின்றன, மஞ்சளும் மறைகிறது. மிச்சம் மை போன்ற கறுப்புப் பொடி. அதைக் குப்பியில் ஏற்றிப் புடமிட்டால் சிவந்து வருகிறது. வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து கறுப்பாகி, கறுப்பு சிவப்பாகும் இந்த மாற்றத்தைக் கண்ட எவருக்கும் 'கூடல்' என்ற உவமை தானே வரும்.

இருந்தாலும் ட்ரெலோரின் வாதத்தை அப்படியே ஏற்க இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, பொற்கொல்லர் தொழிலில் பாதரசத்துக்கு வேறு வேலையும் உண்டு. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசிச் சூடேற்றி முலாம் இடுவது பழைய முறை. அத்தொழிலின் எச்சம் தகட்டில் தங்கியிருக்கலாம். அதற்குச் சமயப் பொருள் இருக்க வேண்டியதில்லை. இரண்டு, காலம். தமிழ்ச் சித்தர் பெயரில் வழங்கும் இரசவாத நூல்களில் பல, நடையைக் கொண்டு பார்த்தால், பிற்காலத்தவை. அவற்றை ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பேழையின் மேல் வைத்துப் படிப்பது பேரனின் நாட்குறிப்பைக் கொண்டு பாட்டனின் எண்ணத்தை அறிய முயல்வது போன்றது. வடமொழி இரச நூல்கள் காலத்தால் நெருங்கியவை என்பது மட்டுமே ட்ரெலோருக்கு ஆதரவு.

என் மதிப்பீடு இது: பாதரசம் சிவக் குறியீடு என்பது மெய்ப்பிக்கப்பட்ட முடிவு அல்ல, வலுவான கருதுகோள். கருவை இடுதல் என்ற சடங்கின் பெயரே பிறப்பையும் கூடலையும் உள்ளடக்கியது. அந்தச் சூழலில் வைத்த உலோகத்தில் பாதரசம் இருப்பதைத் தொழில் எச்சம் என்று மட்டும் ஒதுக்குவதைவிட, பொருளோடு சேர்த்தது என்று கொள்வதற்கு இடம் அதிகம்.

5. ஆண் எது, பெண் எது?

ட்ரெலோரின் கருதுகோளை ஏற்றுக்கொண்டால், டாரட் ஒப்பீட்டில் ஓர் எதிர்பாராத விளைவு உண்டாகிறது. ஐரோப்பிய இரசவாதத்திலும் பாதரசம், கந்தகம் என்ற இதே இரண்டு பொருள்கள்தான் மணமக்கள். அரபு இரசவாதிகளிடமிருந்து ஐரோப்பா பெற்ற கோட்பாடு அது. 1550இல் அச்சான 'ரோசாரியம் பிலோசொஃபோரும்' என்ற நூலின் படவரிசையில் அரசனும் அரசியும் கூடி, ஓருடலாகி, இறந்து, எழுகிறார்கள். யுங் 1946இல் தம் உளவியல் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தப் படவரிசையைத்தான். குரோலியின் சீட்டில் வரும் அரசனும் அரசியும் அந்த மரபின் வாரிசுகள்.

ஆனால் அந்த மரபில் கந்தகமே ஆண். சூடானது, வறண்டது, சூரியன், அரசன். பாதரசமே பெண், குளிர்ந்தது, ஈரமானது, நிலவு, அரசி. இந்தியாவிலோ பாதரசம் சிவன், கந்தகம் தேவி. மணமக்கள் அதே இருவர். மாப்பிள்ளை யார், பெண் யார் என்பது தலைகீழ்.

தொல்படிம வாதத்துக்கு இது எளிதில் விழுங்க முடியாத உண்மை. இணைவு என்ற பொதுவடிவம் இரு பக்கமும் இருக்கிறது என்று யுங் வழியினர் சொல்லலாம், அது சரியே. ஆனால் 'ஆண் ஆற்றல் இப்படிப்பட்டது, பெண் ஆற்றல் இப்படிப்பட்டது' என்று சீட்டின் முன் சொல்லப்படும் குணப்பட்டியல் உலகப் பொதுவானதல்ல. ஓடுவதும் பிடிபடாததும் ஒரு நாட்டில் பெண்ணின் இயல்பு. இன்னொரு நாட்டில் கட்டுக்கு அடங்காத சிவனின் இயல்பு. எரிவது ஒரு நாட்டில் அரசன். இன்னொரு நாட்டில் தேவி. பொருளின் குணம் மாறவில்லை; அதைப் பார்த்தவர்களின் ஊர் மாறியது.

6. தோட்டக் கோயிலில் சாதிலிங்கம்

மெர்போக்கைச் சுற்றிய நிலத்தில் 20ஆம் நூற்றாண்டில் இரப்பர் தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து வந்த பால்மரத் தொழிலாளர் லயத்துக்கு அருகே மாரியம்மனையும் முனியாண்டியையும் நிறுத்தினர். தொல்லிடம் ஒன்றின் பெயரே சுங்கை பத்துத் தோட்டத்தோடு சேர்த்து வழங்கும் அளவுக்குத் தோட்டமும் இடிபாடும் ஒட்டிக் கிடந்தன. ஆனால் பழங்கோயிலுக்கும் தோட்டக் கோயிலுக்கும் இடையே தொடர்ந்த வழிபாடு இருந்தது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. நடுவே சில நூற்றாண்டு மௌனம் இருக்கிறது.

அந்த மௌனத்தைத் தாண்டி ஒரு பொருள் மட்டும் கவனத்துக்குரியது. குடமுழுக்கில் மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து அது. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள். நாள் கணக்கில் உலக்கையால் இடிப்பார்கள். இடிக்கும் சூட்டில் அரக்கும் மெழுகும் இளகி, மாவு போல் பிசைய வரும்போது திரித்து, மூர்த்தி பீடத்தில் அமரும் இடைவெளியைச் சுற்றிச் சாத்துவார்கள். பிறகு எண்ணெய்க்காப்பு. மற்ற நாள்களில் கருவறை வாசலோடு நிற்கும் தோட்டத்துச் சனங்கள் அன்று வரிசையில் உள்ளே போய், தம் கையாலேயே அம்மன் மேல் எண்ணெய் சாத்துவார்கள். கிழவிகள் பாதத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்க மனமில்லாமல் நிற்பதை எந்தக் குடமுழுக்கிலும் பார்க்கலாம்.

எட்டில் ஆறாவதான சாதிலிங்கம் வேதியியலில் என்ன? பாதரசமும் கந்தகமும் கூடிய சிவப்புக் கனிமம். கல்வத்தில் அரைத்துப் புடமிட்டுக் கிடைப்பதும் அதே கூட்டுதான். லிங்கம் என்ற சிவனையும் ஆவுடையார் என்ற சக்தியையும் இணைக்கும் பசையிலேயே சிவப்பொருளும் சக்திப்பொருளும் முன்பே கூடியிருக்கின்றன.

இந்த அழகிய ஒற்றுமையையும் அளந்தே சொல்ல வேண்டும். அதே மருந்துதான் விநாயகருக்கும் முருகனுக்கும் பெருமாளுக்கும் சாத்தப்படுகிறது. ஆகவே அது சிவசக்திக் கூடலுக்கென்றே செய்த கலவை என்று சொல்ல முடியாது. தோட்டத்து மாரியம்மன் பெரும்பாலும் துணையின்றித் தனியாகவே கருவறையில் அமர்ந்திருக்கிறாள். அவளைப் பாதித் தெய்வம் என்று எந்தப் பக்தரும் நினைத்ததில்லை. கரூர் மாரியம்மன் கோயிலில் கம்பத்தை அம்மனின் கணவனாக நட்டு, விழா முடிவில் பிடுங்கி அமராவதி ஆற்றில் விடுகிறார்கள். கூடலுக்கு முடிவும் உண்டு, பிரிவும் சடங்கே என்று சொல்லும் மரபு அது. ஆண்–பெண் சமநிலை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவை எதுவும் அடங்குவதில்லை.

7. தாடலை

தமிழுக்கு இணைவைப் பற்றிச் சொந்தமாக ஒரு சிந்தனை உண்டு. நம் இலக்கணத்தில் சொற்கள் சேர்வதற்கும் புணர்ச்சி என்றே பெயர். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் உயிரும் இறையும் கூடும் முறைக்கு உவமை தேடினார். 'தாடலை' என்ற ஒரு சொல்லை எடுத்தார். தாளும் தலையும் சேர்ந்தால் தாடலை. ளகரமும் போய்விட்டது, தகரமும் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து டகரமாக நிற்கின்றன. ஆனாலும் கேட்பவர் காதில் தாளும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. ஒன்று என்றும் சொல்ல முடியாது, இரண்டு என்றும் சொல்ல முடியாது. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த மரபு அத்துவிதம் என்பதற்குக் கண்ட பொருள் இது.

சிவத்துக்கும் சக்திக்கும் உள்ள உறவு இதனினும் நெருக்கமானது என்று சித்தாந்தம் சொல்லும்; ஞாயிறும் ஒளியும் போல, பிரிந்திருந்த காலமே இல்லாத உறவு. அதற்குத் தாதான்மியம் என்று பெயர். இந்த இடத்தில்தான் டாரட் ஒப்பீடு தடுக்கி விழுகிறது. வெய்ட்டின் காதலர் சீட்டில் இருவர் தனித்தனியே நிற்கிறார்கள். சேர வேண்டும், அதற்கு ஒரு பயணம் உண்டு. சிவசக்தி இனிமேல் சேர வேண்டிய இருவர் அல்லர். பயணமும் ஏக்கமும் உயிருக்குத்தான். எனவே சீட்டைத் தமிழில் விளக்க வேண்டுமானால் காதலருக்குச் சிவசக்தி பொருந்தாது. தாளைத் தேடும் தலை பொருந்தும்.

உருவத்தாலும் பொருளாலும் மெர்போக்கின் பேழைக்கு மிக அருகில் வரும் சீட்டு ஆறாவது அல்ல. குரோலி கட்டின் பதினான்காவது. அங்கே இணைவு இருவர் பார்வையில் இல்லை. ஒரு பாத்திரத்துக்குள் நடக்கிறது. சிங்கமும் கழுகும் நிறம் மாற்றிக்கொண்டது போலவே ளகரமும் தகரமும் தம் ஒலியை விட்டு டகரமாயின. இரசமும் கந்தகமும் தம் நிறத்தை விட்டுச் சிவந்தன. இந்த ஒப்பீடு தாங்கும். ஏனெனில் இது கைத்தொழிலின் கண்கூடான அனுபவத்திலிருந்து எழுவது.

8. முடிவு

சான்றுகளை எடை போட்டால் கிடைப்பது இதுதான். டாரட் ஆதி ஞானத்தின் ஏடு என்ற கூற்று வரலாற்றின் முன் நிற்கவில்லை. தொல்படிம விளக்கம் பாதி மட்டும் நிற்கிறது. இணைவு என்ற வடிவம் பொதுவாகலாம், அதன் உள்ளடக்கம் ஊருக்கு ஊர் தலைகீழாகவும் மாறும். டாரட்டில் புனித இணைவு என்பது கண் முன் விரித்துப் பார்க்க வேண்டிய படம். சீட்டைப் பார்ப்பவர் போய்ச் சேர வேண்டிய ஊர். மெர்போக்கில் அது கண்ணுக்குத் தெரியாமல் புதைத்த கரு. கோயில் எழுவதற்கு முன்பே நடந்து முடிந்தது. ஒன்றில் இணைவு உச்சி, மற்றொன்றில் அடித்தளம். இரண்டையும் மதிக்கலாம். ஒன்றை மற்றொன்றின் பெயரால் அழைத்தால் இரண்டையும் இழப்போம்.

இழப்பு என்ற சொல்லை உவமையாக மட்டும் சொல்லவில்லை. பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் கோயில், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டது 2013ஆம் ஆண்டு இறுதியில் தெரியவந்தது. அடித்தளமே பொருளாக இருக்கும் கோயிலில் அடித்தளம் போனால் மிஞ்சுவது எதுவும் இல்லை. தோட்டங்கள் கைமாறும்போது அப்புறப்படுத்தப்படும் சிறு கோயில்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே கோயில் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த குடமுழுக்கில் அஷ்டபந்தனம் இடிக்கும்போது, எட்டுப் பொருளின் பெயரையும் அளவையும் இடித்த நாள்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பீடத்தின் அடியில் எதை வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மெர்போக்கில் பேழையை வைத்தவர்கள் எழுதி வைக்கவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து, ஒரு தகட்டில் ஒட்டியிருந்த பாதரசத்தைக் கொண்டு அவர்கள் மனத்தில் இருந்ததை ஊகிக்க வேண்டியிருக்கிறது.